வெய்ரலில் ஓர் இடம்

வெய்ரலில் ஒரு பெண் உண்டாகிவிட்டாள் என்று தெரிந்தால், ஊர் அவள் வயிற்றைப் பார்க்காது. அவள் வீட்டாரின் முகங்களைத்தான் பார்க்கும். யார் போகப்போகிறார்கள் என்று.

மதிலுக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று எந்தக் காலத்திலோ வகுத்த சட்டம் அது. அங்கே வாழும் எல்வர் இனத்தாருக்குச் சாவு சுலபத்தில் வருவதில்லை. எழுநூறு வயதில் கூர்த்த காதின் நுனி கொஞ்சம் வெளுக்கும், எண்ணூறில் லேசாக மறதி வரும், அவ்வளவுதான். ஆகையால் பிள்ளை வேண்டும் என்கிறவர்கள் ஊரில் ஓர் இடம் காலியாகிறவரை வரிசையில் காத்திருக்க வேண்டும். முறை வருவதற்குள் உண்டாகிவிட்டால், பிள்ளை பிறப்பதற்கு முன் அந்த வீட்டிலிருந்து ஒருவர் வடக்கு வாசல் வழியாக வெளியேறிவிட வேண்டும். யாரும் போகாவிட்டால் தாயே பிள்ளையோடு போக வேண்டியதுதான். போனவர் திரும்பி வர முடியாது. வீட்டில் பிறக்கும் பிள்ளைக்காக அப்படிப் போகிறவரை 'வழிவிட்டவர்' என்பார்கள். அவருக்கு ஊர் கூடி விருந்து வைக்கும், குழலூதிப் பாடும், பெயரை மதிலின் உட்புறத்தில் வெட்டி வைக்கும்.

காரணமில்லாமல் போகிறவனுக்கும் ஒரு பெயர் உண்டு. ஓடுகாலி. அவன் விட்டுப்போன இடம் அவன் வீட்டுக்குக் கிடைக்காது. வரிசையில் முதலில் நிற்கிறவர்களுக்குப் போய்விடும்.

ஈலென் முறை வருவதற்குள் உண்டாகியிருந்தாள்.

அவள் படகோட்டுகிறவள். மதிலை ஒட்டி உட்புறமாக ஊரைச் சுற்றி ஒரு கால்வாய் ஓடுகிறது. வெள்ளித் தகடு வேய்ந்த கூரைகளும், மொட்டைமாடிகளில் காய்த்துத் தொங்கும் பழமரங்களும் அதன் தண்ணீரில் அசைந்துகொண்டிருக்கும். ஒரு துறையில் ஏறி ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தால் ஏறிய துறைக்கே வந்து சேர்ந்துவிடலாம். ஈலென் நூறு வருஷத்துக்கும் மேலாக அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். அலுப்பு என்று எதுவும் இல்லை. பேச்சுத் துணைக்குப் பயணிகள் இருந்தார்கள். இப்போது அந்தப் பயணிகள்தான் சரியாகப் பேசாமல் அவள் துடுப்பையும் தங்கள் கைகளையும் பார்த்தபடி வந்தார்கள். இறங்குகிறபோது மட்டும், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார்கள். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு கூசியது.

வீட்டில் மொத்தம் நான்கு பேர். ஈலென், அவள் கணவன் தரோவின், அவனுடைய பெரியப்பா ஓல்வித், அவனுடைய அக்காள் நெவாரா. நெவாரா மாடியில் இருந்தாள். வெய்ரலைப் போல ஓர் ஊர் கிடையாது என்பது அவளுடைய தீர்மானமான கருத்து. அந்த ஊரில் அவள் குறை சொல்லாத பொருளும் கிடையாது. தண்ணீர் வரும் நேரம் சரியில்லை, குழல்காரர்கள் சுருதி விட்டு ஊதுகிறார்கள், கீழ்த்தெருக்காரர்களுக்குப் பாலாடைக்கட்டி செய்யத் தெரியவில்லை என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேரிக்காய் மரங்களைத் தொட்டியில் வைத்துப் பிள்ளைகளைப் போலக் காப்பாற்றி வந்தாள். மதில்மேல் ஏறி வெளியே பார்த்தது ஒருதரம்கூட இல்லை. "அங்க என்ன இருக்கு, சேறும் மாடும்தானே" என்பாள்.

அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பெரியப்பா போகட்டுமே. எப்பப் பாத்தாலும் வாழ்ந்தது போதும், வாழ்ந்தது போதும்னு சொல்லிக்கிட்டுத்தானே இருக்காரு" என்றாள், சாப்பாட்டு நேரத்தில், நடுக்கூடத்தில் நின்றுகொண்டு.

"அண்ணி, மெதுவா பேசுங்க" என்றாள் ஈலென்.

"எதுக்கு மெதுவா? காதுல விழணும்னுதானே சொல்றேன்."

விழுந்துவிட்டது. மறுநாள் காலையிலிருந்து ஓல்வித் மாடிக்குப் போய்க் கையைச் சுழற்றி, முழங்காலை மடக்கி உடற்பயிற்சி செய்யத் தொடங்கினார். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். 'வாழ்ந்தது போதும்' என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து அடியோடு மறைந்துபோயிற்று.

ஈலெனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பயமும் வந்தது. ஒருவரிடமும் 'எனக்காகப் போங்கள்' என்று கேட்க அவளால் முடியாது. கேட்காமல் இருக்கவும் முடியாது. படகில் உட்கார்ந்தால் எழுந்து நிற்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது.

தரோவின் எப்போதுமே அப்படித்தான். அவன் மதில்காவலன். பகலெல்லாம் மதில்மேல் நின்று வெளியே பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் ஓர் இடத்தில் அவன் கால் தரிக்காது. நின்றுகொண்டே சாப்பிடுவான். வாசலிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து வாசலுக்கும் நடப்பான். படுத்தால் புரள்வான். கல்யாணமான புதிதில் ஈலென் அதைக் காவல்காரர்களின் பழக்கம் என்று நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதே அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

"வேற யாரையும் கேக்க வேண்டாம், ஈலென். நானே போறேன்" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையினூடே, நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதையும் உணர்ந்தாள். அதற்காகவும் சேர்த்து அழுதாள். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நெவாராவும் மூக்கை உறிஞ்சினாள். ஓல்வித் உள்ளேயிருந்து வந்து, "என் பிள்ளை, என் பிள்ளை" என்று தரோவினின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

மறுநாள் விடிந்து, சூரியன் மதிலுக்கு மேலே வந்த பிறகும் தரோவின் எழுந்திருக்கவில்லை. ஈலென் போய் உலுக்கினாள். வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்புகிற வேலை அவளுக்கு வாய்த்தது அதுதான் முதல் தடவை. 'பாவம், மனசு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது, அதனால் தூங்குகிறான்' என்று எண்ணிக்கொண்டாள். ஆனால் துறைக்கு நடந்து போகிற வழியெல்லாம் அந்தக் குறட்டை அவள் காதில் இருந்தது.

செய்தி பரவியதும் ஊர் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. கஷ்கொட்டை மாவில் சுட்ட ரொட்டியும் தேனில் ஊறிய பழமும் வீட்டு வாசலில் தினமும் வந்து இறங்கின. படகில் பேச்சு திரும்பியது. "உன் புருஷன் மாதிரி ஒரு ஆள் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று கிழவர்களும் பெண்களும் சொன்னார்கள். தரோவினுக்கு நடையே மாறிவிட்டது. தெருவில் நின்று எல்லாரிடமும் சிரித்துப் பேசினான். உட்கார்ந்து சாப்பிட்டான், இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போகிற நாள் நெருங்க நெருங்க அவன் முகத்தில் தெளிவு கூடிக்கொண்டே போயிற்று. அதைப் பார்க்கப் பார்க்க ஈலெனுக்குத் தூக்கம் போயிற்று.

அப்படி இருக்கையில் ஒரு நாள் செருப்புத் தைக்கிற மய்தோ படகில் ஏறினான். வாயாடி. வெய்ரலின் தெருக்கள் வழவழப்பான கல் பாவியவை. எல்லாரும் கம்பளிச் செருப்புதான் போடுவார்கள். தோல் காலணி தைக்க மய்தோ ஒருவனுக்குத்தான் தெரியும், அதுவும் வழிவிட்டவர்களுக்காக.

"தரோவின்கிட்ட மறக்காமச் சொல்லு. அந்தக் காலணிக்கு நல்லா எண்ணெய் போடணும்" என்றான்.

"புதுசுக்கு எதுக்கு எண்ணெய்?"

"புதுசா? போன குளிர்காலத்துல தைச்சு முடிச்சதாச்சே அது. வந்து வாங்கிக்கன்னு எத்தனை தடவை சொல்லி அனுப்பினேன். இருக்கட்டும், உங்கிட்டயே இருக்கட்டும்னான். ஒரு பனிக்காலம் முழுக்கத் தொங்கின தோல், வெறைச்சுப் போயிருக்கும்."

ஈலென் துடுப்பை இரண்டு முறை வலித்தாள். மூன்றாவது முறை வலிக்க மறந்துவிட்டாள். படகு தானாகக் கொஞ்ச தூரம் போய், கரையில் முட்டி நின்றது.

போன குளிர்காலத்தில் அவள் உண்டாகியிருக்கவில்லை. அதற்குப் பிறகு, பனி உருகுகிற சமயத்தில்தான் தரோவின் ஒரு நாள் அவள் தலையைக் கோதியபடி, "முறை வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும், எதுக்குக் காத்திருக்கணும்" என்று சொல்லியிருந்தான். அவளுக்கு அன்று அது ஆசையாகப் பட்டது.

மய்தோவை இறக்கிவிட்டு, படகைக் கட்டிவிட்டு, அவள் மதிலின் படிகளில் ஏறினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி ஏற வேண்டியிருந்தது. தரோவின் தன் இடத்தில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பதறிப்போய் ஓடிவந்தான்.

"இந்த நெலமையில இங்க எதுக்கு ஏறி வந்தே?"

"மய்தோ இன்னிக்கு என் படகுல வந்தான்."

அவன் கை அவள் முழங்கையைத் தொட வந்து, பாதியில் நின்றது.

"எண்ணெய் போடச் சொன்னான்" என்றாள். "ஒரு பனிக்காலம் சும்மா தொங்கின தோலாம்."

அவன் அந்தக் கையைக் கீழே இறக்கினான்.

"அப்ப எங்க போறதா இருந்தே?"

அவன் கையை நீட்டிக் காட்டினான். குறிப்பிட்டு ஓர் இடத்தை அல்ல; எல்லாவற்றையும். "எங்கேன்னு இல்ல. அங்க."

ஈலென் திரும்பிப் பார்த்தாள். அவள் மதில்மேல் ஏறி வெகுகாலம் ஆகியிருந்தது. கீழே ஒரு மண்சாலை. மழை பெய்து சேறாகக் கிடந்தது. மனிதர்களின் மாட்டுவண்டி ஒன்று சக்கரம் புதைந்து நின்றிருக்க, மூன்று நான்கு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சறுக்கிக் குப்புற விழுந்தான். மற்றவர்கள் தள்ளுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். விழுந்தவனும் சிரித்தான்.

"நேத்தும் அதே எடத்துலதான் மாட்டிக்கிச்சு" என்றான் தரோவின். தன்னை மறந்து சொல்லிவிட்டான். அவன் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. தன்னைப் பார்த்தோ, வீட்டில் வேறு எதைப் பார்த்தோ அவன் அப்படிச் சிரித்து ஈலென் கண்டதில்லை.

"ஓடுகாலின்னு பேரு வந்துருமேன்னு பயந்தே" என்றாள். "ஒரு பிள்ளை கெடைச்சா சௌகரியமாப் போச்சு. விருந்தும் கெடைக்கும், பாட்டும் கெடைக்கும்."

"அப்படி இல்ல, ஈலென்."

"முறைக்குக் காத்திருக்க வேண்டாம்னு சொன்னது யாரு?"

அவன் வெகுநேரம் மதில் கல்லைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு நான் அத நெனைக்கல" என்றான் கடைசியில். "நெனைக்கலன்னுதான் நெனைக்கிறேன். நீ உண்டாயிருக்கேன்னு சொன்னப்ப சந்தோஷமா இருந்துச்சு. அது எதுக்கான சந்தோஷம்னு எனக்கே பிரிச்சுப் பாக்க முடியல."

அவன் இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணியிருந்தால் அவள் கத்தியிருப்பாள். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கீழே வண்டி சேற்றிலிருந்து விடுபட்டு நகர்ந்தது. வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை புரண்டது.

"போ" என்றாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எம் பிள்ளைக்கு இடம் வேணும். விருந்து சாப்பிடு, பாட்டைக் கேளு, பேரை வெட்டிக்க. ஆனா எனக்காகப் போறேன்னு அந்த வீட்டுக்குள்ள இன்னொரு தடவை சொல்லாத."

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் தேவைக்குத்தான் பேசிக்கொண்டார்கள். மற்றவர்கள் அதைப் பிரிவின் துக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் அதிகமாகப் பழம் கொண்டுவந்தார்கள். ஈலென் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்தாள். பொய்யைச் சோற்றைப் போல மென்று விழுங்கப் பழகிக்கொண்டாள். பேறு நெருங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

வழியனுப்புகிற நாளில் வடக்கு வாசல் முற்றம் நிரம்பி வழிந்தது. நெவாரா முந்தின நாளிலிருந்தே நின்று ஊருக்கெல்லாம் பேரிக்காய்ப் பணியாரம் சுட்டிருந்தாள். குழல்காரர்கள் வரிசையாக நின்று ஊதினார்கள். தரோவின் அந்தத் தோல் காலணியைப் போட்டு, தோளில் மூட்டையோடு நின்றான். வாசற்கதவு திறந்திருந்தது. ஊரின் இடக்கணக்கைப் பார்க்கும் இடமன்றத்தின் தலைவர் ஊவெத், நல்ல மனிதர், சட்டத்தைத் தவிர வேறு எதற்கும் பயப்படாதவர், முன்னால் வந்து கையை உயர்த்தினார். முதலில் வீட்டாரைக் கேட்க வேண்டும் என்பது முறை.

"ஈலென், இவர் வழிவிடுவதில் உனக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்றாள்.

"தரோவின், யாருக்காக வழிவிடுகிறாய்?"

பிறக்கப்போகும் பிள்ளைக்காக என்று அவன் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தரோவின் ஈலெனைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவன் கண்டானோ, காணவில்லையோ.

"யாருக்காகவும் இல்ல, ஐயா" என்றான். "எனக்குப் போகணும்னு இருக்கு, போறேன். பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே காலணி தைச்சு வெச்சுட்டேன்."

ஒரு குழல் மட்டும் தெரியாமல் ஊதிக்கொண்டே போய், வெட்கப்பட்டு நின்றது.

ஊவெத் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, யோசிச்சுப் பேசு. கூட்டத்துல எனக்குச் சரியாக் காதுல விழல. இன்னொரு தடவை கேக்குறேன்."

"எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். இவ முகத்தப் பாத்துக்கிட்டு அந்தப் பொய்யச் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றான். பாரம் இறக்கியவனின் முகம் அது. அவன் இறக்கிய பாரம் நேராக ஈலெனின் வயிற்றின்மேல் வந்து உட்கார்ந்தது.

"முழுங்கினது நான்" என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "இத்தனை நாளா முழுங்கினது நான். கக்கினது நீ. இப்ப இது யாருக்கு நல்லதாச்சு, தரோவின்?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. "ஐயா, பிள்ளைக்காகத்தான்" என்று தடுமாறினான். "பிள்ளைக்காகவும்தான் போறேன்..."

"ஊரறியச் சொன்ன சொல்லு, தம்பி. அத அள்ள முடியாது." ஊவெத் கண்களை மூடித் திறந்தார். "ஓடுகாலியோட இடம் வரிசைக்குப் போகும். பேறுக்கு முன்னாடி இந்த வீட்லேர்ந்து வேற ஒருத்தர் போகணும். இல்லன்னா ஈலென் போகணும். இது நான் வெச்ச சட்டம் இல்லம்மா."

ஊரே ஓல்வித்தைப் பார்த்தது. ஓல்வித் வானத்தைப் பார்த்தார்.

பணியாரத் தட்டுகளுக்குப் பின்னாலிருந்து நெவாரா வந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து தம்பியின் எதிரில் நின்றாள்.

"ஒரே ஒரு வேலை" என்றாள். "வாயத் தொறந்து பிள்ளைக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதுகூட உனக்கு முடியல. நாலு மூட்டை மாவு கரைச்சு நிக்கிறேன் நான்."

"அக்கா..."

"நீ பேசினது போதும்." ஊவெத்தின் பக்கம் திரும்பினாள். "என்னையக் கேளுங்க, ஐயா."

"என்னம்மா கேக்கணும்?"

"இவன்கிட்ட கேட்டீங்களே, அத."

ஊவெத்துக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "நெவாரா, யாருக்காக வழிவிடுகிறாய்?"

"இவ வயித்துல இருக்கறதுக்காக. போதுமா?"

ஈலென் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம், அண்ணி. நானே போறேன். பிள்ளையோட நான் போய்க்கிறேன்."

"பேறு காலத்துல சேத்துல நடக்கப் போறியாக்கும். சும்மா இருடி." பிறகு நெவாரா குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போல் சொன்னாள். "எனக்குப் போகப் பிடிக்கல, ஈலென். ஒரு துளிகூடப் பிடிக்கல. இந்த ஊரை விட்டா எனக்கு எதுவும் தெரியாது. இவன் வழிவிட்ட லட்சணத்தப் பாத்தேல்ல. பிடிக்காதவ போனாத்தான் அது சரியா இருக்கும்."

அவள் உதட்டைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டாள். "மரத்துக்கு வெயில் தாழத் தண்ணி ஊத்து. அவசரப்பட்டு உச்சி வெயில்ல ஊத்தாத. பணியாரத்த எல்லாருக்கும் குடு, வீணாக்க வேண்டாம்."

மூட்டை கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டுக்குப் போனால் திரும்பி வர மாட்டேன் என்று மறுத்துவிட்டாள். கம்பளிச் செருப்போடு அப்படியே வாசலைத் தாண்டினாள். தரோவின் குனிந்து தன் காலணியைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"தோணி மாதிரி இருக்கு அது, நீயே போட்டுக்க" என்றாள். "நட. முன்னாடி நட. எங்கயோ போகணும்னு துடிச்சியே, எங்கேன்னு காட்டு."

தரோவின் ஒருமுறை திரும்பி ஈலெனைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. நெவாராவின் செருப்பு முதல் சேற்றில் புதைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தப்பட்டது. சாத்திய பிறகும் நெவாராவின் குரல் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. சேற்றைத் திட்டினாள், தம்பியைத் திட்டினாள், எதிரே வந்த ஏதோ ஒரு மாட்டைத் திட்டினாள். அது தேய்ந்து மறைகிறவரை கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. பிறகு எல்லாரும் பணியாரத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் கலைந்தார்கள்.

சில நாளில் ஈலெனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மீரெத் என்று பெயர் வைத்தாள். நெவாராவின் பெயரை மதிலில் வெட்டினார்கள். ஓல்வித் உடற்பயிற்சியை விட்டுவிட்டார். தினமும் மாடிக்குப் போய், கேட்காமலேயே மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றினார். அங்கே நின்று சில சமயம் தனக்குத்தானே, "வாழ்ந்தது போதும்" என்று சொல்லிக்கொண்டார். யாரும் அதை மறுக்கவில்லை.

ஊரும் முன்போல் இல்லை. எதுவும் நடந்துவிடவில்லை, கூரைகள் மின்னின, பழம் கொழித்தது, குழல்காரர்கள் ஊதினார்கள். ஆனால் படகில் ஏறுகிறவர்கள் தரோவின் சொன்னதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. திட்டிப் பேசினார்கள். திட்டிவிட்டு, "அந்தக் காலணி எவ்வளவு கனம் இருக்கும்?" என்று கேட்டார்கள். எவரும் விரும்பாத மதில்காவல் வேலைக்கு இப்போது ஆட்கள் போட்டி போட்டார்கள். மய்தோ புதிதாகத் தோல் வாங்கியிருப்பதாகப் பேச்சு.

கால்வாயின் கீழ் வளைவில் சந்தை கூடும். அங்கே மதிலில் ஒரு திறப்பு. நடுவில் அகலமான கல்மேடை. வெளியிலிருந்து மனிதர்கள் அந்தப் பக்கம் நின்று கம்பளியும் உப்பும் வைப்பார்கள், எல்வர்கள் இந்தப் பக்கம் நின்று எடுத்துக்கொள்வார்கள். மீரெத் நடக்கப் பழகியிருந்த சமயம், ஒரு சந்தை நாளில் ஈலென் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருந்தாள். உப்பு விற்கிற தொர்கா என்ற மனிதப் பெண் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, மேடைமேல் பேரிக்காய் ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்து வைத்தாள்.

"படகு ஓட்டற ஈலென் நீதானே? குறுக்குரோட்டுச் சத்திரத்துலேர்ந்து குடுத்தனுப்பினாங்க. உங்காளுதான், நீட்டுக் காதுக்காரி. வாய்க்காரி."

ஈலெனின் கை ஜாடியின்மேல் இருந்தது; எடுக்க மறந்துவிட்டாள். "எப்படி இருக்காங்க?"

"அவங்களுக்கென்ன. சத்திரத்துக்காரன் கிட்ட சமையல் சரியில்லன்னு சண்டைக்குப் போனாங்க, இப்ப சத்திரமே அவங்க சொல்றபடிதான் நடக்குது. வண்டிக்காரனுங்க எல்லாம் அவங்களக் கண்டா காலைக் கழுவிட்டுத்தான் உள்ள வருவானுங்க. ஒண்ணு சொல்லச் சொன்னாங்க, இரு." தொர்கா நெற்றியைச் சுருக்கி நினைவுபடுத்திக்கொண்டாள். "இங்க பேரிக்காய் புளிக்குது, ஜனங்க கத்திப் பேசுது, கால் வலிக்குது. உக்காந்து அழலாம்னா நேரமே கெடைக்க மாட்டேங்குது. அப்படியே சொல்லணும்னாங்க."

ஈலென் சிரித்தாள். சிரித்ததில் கண்ணீர் வந்துவிட்டது. குழந்தை அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது.

"அவங்களோட ஒருத்தர்..." என்று தொடங்கினாள்.

"தம்பிக்காரரா? ஒரு பருவம் அங்கதான் வெறகு வெட்டிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் வடக்கே போற வண்டிங்களோட போயிட்டாரு. நல்ல மனுஷன்தான். ஒரு எடத்துல உக்கார மாட்டாரு." தொர்கா உப்பு மூட்டையை அவிழ்த்தபடி சொன்னாள். "போறதுக்கு முன்னாடி, இந்த மதில் பக்கம் வரைக்கும் ஒரு தடவை எங்கூட வண்டியில வந்தாரு. அந்த ரோட்டு வளைவுகிட்ட எறங்கி நின்னுட்டுத் திரும்பிட்டாரு."

ஈலென் அந்த வளைவைப் பார்த்தாள். சாலை அங்கே திரும்பி ஒரு மேட்டுக்குப் பின்னால் போயிற்று. அவன்மேல் இருந்த கோபத்தைத் தேடினாள். இருந்தது, ஆனால் இருந்த இடத்தில் இல்லை; அதுவும் எங்கேயோ நடந்துகொண்டிருந்தது. நெவாரா உச்சி வெயிலில் கரண்டியோடு நின்று வண்டிக்காரர்களை விரட்டுகிற காட்சி மனத்தில் வந்தது. வந்துவிட்டுப் போக மறுத்தது.

"அந்தச் சத்திரம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"வண்டியில போனா வெயில் ஏறுறதுக்குள்ள போயிடலாம்."

"குழந்தையத் தூக்கிக்கிட்டு நடந்து போனா?"

தொர்கா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். இந்தப் பக்கம் உப்பு வாங்க நின்றிருந்த இரண்டு எல்வப் பெண்களும் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. பதிலைக் கேட்கத் தாங்களும் காத்திருப்பவர்களைப் போல நின்றார்கள்.

"பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம்" என்றாள் தொர்கா. "நடுவுல ஒரு ஓடை இருக்கு. கோடையில கால் நனையாது."

ஈலென் தலையசைத்தாள். ஜாடியை எடுத்துக்கொண்டு படகுக்கு நடந்தாள். அன்று அவள் எங்கும் போகவில்லை. மறுநாள் விடிந்ததும் எப்போதும்போல் முதல் துறையில் ஆட்களை ஏற்றினாள். மீரெத்தைத் தன் எதிரில் உட்கார வைத்திருந்தாள். மதிலோரமாகப் படகு போகப்போக, குழந்தை இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. "உக்காரும்மா" என்றாள் ஈலென். அது உட்காரவில்லை. அவள் இரண்டாவது தரம் சொல்லவில்லை.